சாற்றுக்கும் சக்கைக்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஆலிவ் எண்ணெய்க்கு ‘பி’ கொடுத்தாகிவிட்டது, இனி யாரும் வாய் திறக்க முடியாது என்று, உணவுப் பொட்டலங்களுக்கு எழுத்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் நியூட்ரி-ஸ்கோர் முறையை வகுத்தவர்கள் நினைக்கிறார்கள். 2025 மார்ச்சில் பிரான்ஸும் புதிய கணக்கீட்டுக்கு மாறியதோடு விவகாரம் ஓய்ந்தது என்பது அவர்கள் எண்ணம். ஓயவில்லை. அந்த ‘பி’ எந்த ஆலிவ் எண்ணெய்க்கு?

பழத்தை அரைத்து, ரசாயனம் தொடாமல் பிரித்தெடுத்த எக்ஸ்ட்ரா வெர்ஜினுக்கும் ‘பி’. சக்கையில் ஒட்டிக்கிடக்கும் மிச்சத்தை ஹெக்ஸேன் ஊற்றிக் கரைத்து, நிறம் வெளுத்து, வாசனை போக்கிய பொமேஸ் எண்ணெய்க்கும் ‘பி’. எண்ணெய் என்றால் நிறைவுற்ற கொழுப்பின் விகிதத்தைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆலிவின் காரத்துக்கும் கசப்புக்கும் காரணமான பாலிஃபீனால் என்ற சொல்லுக்கே அந்தக் கணக்கில் இடமில்லை.

புது எண்ணெயை ஒரு கரண்டி அப்படியே விழுங்கிப் பாருங்கள். தொண்டையின் அடியில் சுருக்கென்று காரம் ஏறி இருமல் வரும். அது ஓலியோகாந்தால் என்ற பாலிஃபீனாலின் வேலை. இபுபுரூஃபென் மாத்திரை தடுக்கும், அழற்சியைத் தூண்டும் அதே காக்ஸ் நொதிகளை இதுவும் தடுக்கிறது என்று 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பெருங்குடல் கட்டிகள் பலவற்றில் அந்நொதிகளில் ஒன்றான காக்ஸ்-2 மிகுந்திருக்கும். அந்நொதிகளைத் தடுக்கும் ஆஸ்பிரின் அங்கே கட்டி முளைப்பதைக் குறைப்பதும் தெரிந்த சேதி. பழத்தோலில் உள்ள மாஸ்லினிக் அமிலம் பெருங்குடல் புற்றணுக்களைத் தாமே மடியச் செய்வதை ஸ்பெயின் ஆய்வகங்கள் கண்டன. சிறுகுடலில் உறிஞ்சப்படாத பாலிஃபீனால்கள் போய்ச் சேருமிடமும் பெருங்குடல்தான்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலும் எலியிலும் கண்டவை. ஆலிவ் எண்ணெய் மனிதருக்குப் புற்றுநோயைத் தடுக்கும் என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. அப்படி எழுதி விற்பவரைப் பிடித்து உள்ளே போடலாம். ஆனால் 2022-இல் மட்டும் உலகில் சுமார் 19 லட்சம் பேருக்கு வந்த நோய் பெருங்குடல்-மலக்குடல் புற்றுநோய். உறுதியாகவில்லை என்பதற்காக அந்தப் பொருளே இல்லை என்பதுபோல் மதிப்பெண் போடுவதா?

இத்தனைக்கும் எண்ணெய்க்கு எண்ணெய் உள்ள வேறுபாட்டை ஐரோப்பியச் சட்டமே ஒப்புக்கொண்டது. 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பாலிஃபீனாலும் அதன் வழிப்பொருட்களும் 5 மில்லிகிராமாவது இருந்தால், ரத்தக் கொழுப்பை ஆக்ஸிஜனேற்றத்திலிருந்து காக்க உதவும் என்று புட்டியில் எழுதிக்கொள்ள 2012-இலேயே அனுமதி கிடைத்தது. அந்த வாசகம் ஒட்டிய புட்டியும் ஒட்டத் தகுதியில்லாத புட்டியும் அதே எழுத்தைச் சுமந்து அருகருகே நிற்கின்றன. ஒரு கண்டத்துக்கு இரண்டு மூளையா?

நியூட்ரி-ஸ்கோர்க்காரர்களின் பழைய கணக்கு தெரியாததா என்ன? 2017-இல் இதே ஆலிவ் எண்ணெய்க்கு ‘டி’ போட்டார்கள். கூச்சல் எழுந்ததும் 2019-இல் ‘சி’ ஆனது. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு கலந்த கோலா அப்போதெல்லாம் ‘பி’யில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கோலாவைக் கீழே இறக்க இவர்களுக்கு இத்தனை ஆண்டு பிடித்தது. ஒவ்வொரு முறையும் ‘அறிவியல் முன்னேறிவிட்டது’ என்ற அதே விளக்கம். எண்ணெய் எங்கும் போகவில்லை ஐயா, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயேதான் இருக்கிறது! எழுத்தை மாற்றினார்கள், பார்வையை மாற்றவில்லை.

இது அயலூர்ச் சண்டை என்று நாமும் இருந்துவிட முடியாது. நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் ‘ஆலிவ்’ என்பது பெரிதாகவும் ‘பொமேஸ்’ என்பது பொடியாகவும் அச்சிட்ட புட்டிகளை இதயத்துக்கு நல்லது என்று நம்பி வாங்கிப்போகிறவர்கள் ஏராளம்.

பதப்படுத்தும்போது எண்ணெய் எதை இழக்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். எப்படி என்பதை வல்லுநர்கள் முடிவு செய்யட்டும். இந்த முறையாவது கூச்சல் எழும்வரை காத்திராமல் செய்யட்டும்.