எடை குறைந்த கேமராவும் எடை குறையாத கடனும்

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் பறவைகளைப் படம் எடுப்பது. வீடு திருமுல்லைவாயிலில். விடிவதற்குள் புறப்பட்டால் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கோ கொரட்டூர் ஏரிக்கோ சென்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூந்தமல்லியைக் கடந்து செம்பரம்பாக்கம். நாமக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் அலுக்கவில்லை. ஆனால், என் வலது தோள்பட்டைதான் அலுத்துவிட்டது. கேமராவை விடுங்கள், அல்லது அதன் எடையை விடுங்கள் என்று மருத்துவர் கூறிவிட்டார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு, வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் நடத்திய பொருளியல் பாடங்கள் பலவற்றை மீண்டும் என் மேசைக்கே கொண்டுவந்து சேர்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது கேனான் 7டி மார்க் 2. மின்கலத்துடன் 910 கிராம். அதில் பொருத்தியிருந்த 100-400 லென்ஸ் 1,640 கிராம். இரண்டும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல். இப்போது வாங்கியிருப்பது உள்ளே கண்ணாடி இல்லாத, 'மிர்ரர்லெஸ்' எனப்படும் வகையைச் சேர்ந்த ஆர்10. மின்கலத்துடன் 429 கிராம். அதற்குரிய 100-400 லென்ஸ் 635 கிராம். மொத்தம் ஒரு கிலோவைச் சற்றே தாண்டுகிறது.

கண்ணாடியை நீக்கியதால் எடை குறைந்தது என்றுதான் விளம்பரங்கள் கூறுகின்றன. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், கேமராவில் குறைந்தது 481 கிராம். லென்ஸில் குறைந்ததோ 1,005 கிராம். அதாவது, மிச்சமான எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கண்ணாடி நீக்கத்துக்கும் தொடர்பே இல்லை. பழைய லென்ஸ் 400 மி.மீ. நீட்டத்தில் எஃப் 5.6 அளவுக்குத் திறக்கும். அதன் ஒளித்துளையின் விட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. புதியது எஃப் 8 வரைதான். விட்டம் 50 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் உள்ளே வரும் ஒளி சரிபாதி. தோளில் குறைந்த எடைக்கு விடியற்கால வெளிச்சத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். எதையும் இழக்காமல் எதுவும் கிடைப்பதில்லை என்பதைப் பொருளியலின் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம். கடையில் நிற்கும்போது அது நமக்கே மறந்துபோகிறது.

கேமரா இளைப்பது புதிய செய்தி அன்று. 1856-இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக் கலைஞராக நியமித்தது. அவர் தம் கருவிகளையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக இணைத்தார். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணியையே நிறுத்திவிட்டார். கேமராவுக்கும் கருவூலத்துக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் அவ்வளவு பழையது.

பின்னர் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளோடு கூடிய பெருங்கருவியைச் சுமந்து மலையேற முடியாதவர். திரைப்படச் சுருளில் படம் எடுக்கும் சிறு கருவியின் முன்மாதிரியை 1913-14 அளவில் அவர் உருவாக்கினார்; 1925-இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு மனிதரின் நுரையீரல், ஒரு நூற்றாண்டின் புகைப்படக் கலையைத் தீர்மானித்தது. என் தோள்பட்டைக்கு அத்தகைய பெருமை இல்லை.

என் மாற்றம் பொழுதுபோக்கு சார்ந்தது. அதே மாற்றத்தைப் பிழைப்புக்காகச் செய்ய வேண்டிய ஒருவர், அந்த வாரமே என் வீட்டுக்கு வந்தார். முன்னாள் மாணவர், இளங்கலைப் பொருளியல் படித்துவிட்டு ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். திருமணங்கள்தான் தொழில். முதல் நாள் மாலை வரவேற்பு முதல் மறுநாள் பந்தி முடியும் வரை, கழுத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கேமராக்களோடு நிற்க வேண்டும். "ஐயா, முகூர்த்த நாள் முடிந்தால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. ஆனால், வலிக்காக மாற்றவில்லை, பெண் வீட்டாரே எந்த கேமரா என்று கேட்கிறார்கள்" என்றார். இரண்டு கேமராக்களையும் மூன்று லென்ஸ்களையும் மாற்ற அவர் போட்டிருந்த கணக்கு 5 லட்சம் ரூபாய். மாற்றலாமா, வேண்டாமா என்பதே அவரது கேள்வி.

அவர் தயங்குவதில் பொருள் உண்டு. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-இல் அது ஏறத்தாழ 77 லட்சம். செல்பேசி விழுங்கியதுபோக மிஞ்சிய சிறு சந்தை இது. அந்தச் சிறு சந்தையிலும் 2020-இல் மிர்ரர்லெஸ் கேமராக்கள் எண்ணிக்கையில் பழைய வகையை முந்திவிட்டன. பெரிய நிறுவனங்கள் பழைய வகைக்குப் புதிய லென்ஸ் வடிவமைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. விற்பனை எண்ணிக்கை சுருங்கும்போது, நிறுவனங்கள் விலையுயர்ந்த பொருளின் பக்கம் நகர்வது எதிர்பார்க்கக்கூடியதே. ஆகவே, மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஆவடியின் புகைப்படக்காரர் அல்லர். அவர் தீர்மானிக்கக்கூடியது, எப்போது, எந்தக் கடனில் என்பதை மட்டுமே.

இங்கு அரசின் பங்கு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு-சேவை வரி அடுக்குகள் திருத்தப்பட்டபோது, அறைக் குளிரூட்டியும் (ஏ.சி.) பெரிய தொலைக்காட்சியும் 28 விழுக்காட்டிலிருந்து 18-க்கு இறங்கின. டிஜிட்டல் கேமரா 2019 ஜனவரி முதலே 18-இல் இருப்பதால், அதற்கு எந்த மாற்றமும் இல்லை. 18 விழுக்காடு எல்லோருக்கும் ஒன்றுதானே என்று தோன்றலாம், ஒன்று அன்று. வரிப்பதிவு செய்த பெரிய நிறுவனம், கேமராவுக்குச் செலுத்திய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ள சேவையாளர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லையேல் கழிவும் இல்லை. என் மாணவரின் 5 லட்சத்தில் 76,000 ரூபாய்க்கு மேல் வரி. அது முழுவதும் அவர் தலையில். தாமாகவே பதிவு செய்துகொள்ளலாமே என்றால், பிறகு ஒவ்வொரு திருமண வீட்டாரிடமும் 18 விழுக்காடு கூடுதலாகக் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருவில் பதிவு செய்யாத ஸ்டுடியோ இருக்கும்வரை அது நடக்காது. சிறியவருக்குச் சலுகை என்று வைத்த விலக்கு, அவர் முதலீடு செய்யும் ஆண்டில் தண்டனையாக மாறுகிறது.

வருமான வரிச் சட்டத்தின் தேய்மான விகிதமும் ஆராய வேண்டியதே. கணினிக்கு 40 விழுக்காடு. பொது இயந்திரங்களுக்கு, கேமரா உட்பட, 15. இன்றைய கேமரா என்பது முன்னால் லென்ஸ் மாட்டிய கணினிதான். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் துரத்துகிறது. ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் ரூபாய்க் கருவியின் மதிப்பு 40 விழுக்காட்டுக் கணக்கில் 39,000 ரூபாயாகக் குறையும். 15 விழுக்காட்டுக் கணக்கில் 2 லட்சத்து 22 ஆயிரமாக ஏட்டில் நிற்கும். சந்தை அந்த விலையைத் தரப்போவதில்லை. என் மாணவரைப் போன்று உத்தேச வருமான முறையில் வரி செலுத்துவோர் தேய்மானத்தைத் தனியே கோரவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நடுத்தர ஸ்டுடியோக்களுக்கே இது பொருந்தும்.

இவை இரண்டையும்விடக் கொடியது மாதத் தவணை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை. ஆவணியிலும் ஐப்பசியிலும் தை பிறந்த பிறகும் மூச்சுவிட நேரம் இருக்காது. வருவாய் பருவத்தில் வருகிறது. தவணையோ ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வருகிறது. பயிர்க்கடனை அறுவடைக்குப் பின் திருப்பினால் போதும் என்று விதி வகுக்கத் தெரிந்த நம் வங்கி முறைக்கு, முகூர்த்தத்தைக் கணக்கில் கொள்ளும் தவணை அட்டவணை அப்படியொன்றும் கடினமான காரியம் அன்று. முத்ரா திட்டத்தின் 'கிஷோர்' பிரிவில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு. என் மாணவரின் தேவை அதற்குள் அடங்குகிறது. தொகையில் குறையில்லை, காலத்தில்தான் குறை. சமையற்காரர், பந்தல் போடுபவர், நாகசுர வித்துவான் என்று மண்டபத்தை நம்பி வாழும் அனைவருக்கும் இதுவே நிலை. ஆடி மாதத் தவணைக்காகத் தனியாரிடம் வாங்கும் கைமாற்றின் வட்டியைச் சேர்த்தால், குறைந்த வட்டிக் கடன் குறைந்த வட்டிக் கடனாக இருப்பதில்லை.

உள்நாட்டிலேயே தயாரித்தால் விலை குறையாதா என்று அவர் கேட்டார். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். உலகச் சந்தைக்கான ஐபோன்கள் அங்கு உருவாகின்றன. செல்பேசியின் கேமரா தொகுதிக்கான லென்ஸுக்கு 2023-24 நிதிநிலை அறிக்கை இறக்குமதித் தீர்வையை நீக்கியது. ஆனால், ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் விற்கும் பொருளுக்குப் பொருந்தும் கணக்கு, உலகம் முழுவதுக்கும் ஒரு கோடியை எட்டாத பொருளுக்குப் பொருந்தாது. நமக்கு இதில் கசப்பான அனுபவமும் உண்டு. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் படச்சுருள் தயாரித்தது. பெருங்கடனில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே படச்சுருள் ஆலையை அமைத்த வேளையில், தாராளமயத்தால் இறக்குமதித் தீர்வை இறங்கியது. 1990-களிலேயே நலிந்த நிறுவனமாயிற்று. டிஜிட்டல் வந்து கொல்வதற்கு முன்பே கடன் அதைக் கொன்றுவிட்டது. தொழில்நுட்பம் மாறும் விளிம்பில் நின்றுகொண்டு பெருங்கடன் வாங்குவதன் ஆபத்தை நீலகிரியில் பார்த்திருக்கிறோம். ஆவடியிலும் அதே கணக்குத்தான், தொகைதான் சிறியது.

எனவே, அவருக்கு நான் சொன்னது இது. பழைய லென்ஸ்களுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறந்துவிடுங்கள். அது திரும்பி வராது. இன்று விற்றால் எவ்வளவு கிடைக்கும், வைத்திருந்தால் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதே கேள்வி. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் இன்றைய விலை அடிமட்டத்தில் இருக்கிறது. அந்த லென்ஸ்களோ இணைப்பு வளையம் ஒன்றைப் பொருத்தினால் புதிய கேமராவிலும் நன்றாக இயங்கும். ஆகவே, ஒரு கேமராவை மட்டும் தைக்குப் பிறகு மாற்றுங்கள். லென்ஸ்கள் பிறகு ஒவ்வொன்றாக மாறட்டும். தேவைப்படும் நாளில் இன்னொன்றை வாடகைக்கு எடுங்கள். ஆடியில் வாடகை கட்ட வேண்டியதில்லை.

அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எடை குறையாதே ஐயா, வளையத்தின் எடையும் சேர்ந்துவிடுமே" என்றார். உண்மைதான். கடனைக் குறைக்கும் வழியில் கழுத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் வேலை இருக்கிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு லென்ஸையாவது சிறியதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று கூறி, எஃப் 2.8 தேவைப்படாத இடங்கள் எவை என்று அவர் எடுத்த ஆல்பம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்ட படங்கள் மண்டபத்தின் வெள்ளமான விளக்கொளியில் எடுக்கப்பட்டவை.

சென்ற ஞாயிறு செம்பரம்பாக்கத்தில் புதிய கேமராவோடு இரண்டு மணி நேரம் நின்றேன். தோள் வலிக்கவில்லை. முதல் அரை மணி நேரத்தில் எடுத்த கூழைக்கடாப் படங்கள் அனைத்திலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். வெயில் ஏறிய பிறகு சரியாயிற்று. பழைய லென்ஸை இன்னும் விற்கவில்லை.