கடைக்காரர் லாச்சியில் கிடக்கும் நமது ஏ.டி.எம். அட்டைகள்

சம்பளம் வங்கிக்குப் போகும் பத்தாம் திகதி காலையில், பட்டணத்து ஏ.டி.எம். இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் ஒரு ஆள் நிற்பார். அவர் கையில் ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டு அட்டையும், பழைய கொப்பி ஒன்றும் இருக்கும். ஒரு அட்டையைப் போடுவார், கொப்பியைப் பார்த்து நான்கு இலக்கத்தைத் தட்டுவார், காசை எடுப்பார். பிறகு அடுத்த அட்டை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். காவலுக்கு நிற்பவர் கண்டுகொள்ள மாட்டார். அந்தக் கட்டில் உள்ள அட்டைகள் எல்லாம் நமது பெண்களுடையவை. அந்த நேரத்தில் அவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. "கடனுக்கு அட்டையை வைத்திருக்கிறார்கள்", அவ்வளவுதான். கடைக்காரர் அரிசி, மா, பருப்பு, தேங்காயெண்ணெய் கடனாகக் கொடுக்கிறார். ஈடாக அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி லாச்சியில் போட்டுப் பூட்டிக்கொள்கிறார். வட்டிக்குக் கொடுப்பவரும் அப்படியே. சில இடங்களில் அட்டையோடு அடையாள அட்டையின் போட்டோ கொப்பியையும் கேட்கிறார்கள். சில இடங்களில் அடையாள அட்டையையே கேட்கிறார்கள்.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் இதற்கு வேறு பெயர் இருந்தது. துண்டு. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள்தான் துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் அவனோடு அவன் கடனும் கைமாறும். தலைக்கு இவ்வளவு என்று ஆளையே விலை பேசினார்கள். 1921 இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். நூறு வருடங்களுக்குப் பிறகு அது பிளாஸ்டிக்கில் திரும்பி வந்திருக்கிறது. அப்போது துண்டை எழுதியது துரை. இப்போது நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

"படிப்பறிவில்லாத சனம், சொன்னால் கேட்பதில்லை" என்று வங்கியிலும் அலுவலகத்திலும் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. தன் அட்டையைப் பிறர் கையில் கொடுப்பது ஆபத்து என்பது கொழுந்தெடுக்கும் அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுக்கிறார். இருபதாம் திகதிக்குமேல் வீட்டில் அரிசி இல்லை. 2021 இல் ஆயிரம் ரூபாவுக்கும் 2024 இல் 1,350 ரூபாவுக்கும் வர்த்தமானி வருவதற்கு நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வர்த்தமானி வருவதற்குள் விலைவாசி அதைத் தாண்டிப் போயிருந்தது. பெயர் கிடைக்காத நாட்களும், அரைப்பெயர் விழும் நாட்களும் போக மிஞ்சுவது எவ்வளவு? சம்பளம் மாதம் முழுக்கப் போதுமானதாக இருந்தால் ஒரு அட்டைகூட லாச்சிக்குள் போகாது. ஆகவே இது முதலில் கூலிப் பிரச்சினை. இதைத் தொழிற்சங்கம் கையில் எடுக்காமல் வங்கிக்காரரின் சுவரொட்டிக்கு விட்டுவிட முடியாது.

ஆனால் சம்பளம் கூடும்வரை அட்டை லாச்சியிலேயே கிடக்கட்டும் என்றும் நாம் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் நடப்பது சாதாரண விஷயமல்ல. ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அம்மா ஒருவர் ஓய்வுபெற்றார். வழக்கம்போல அட்டை கடையில். ஊழியர் சேமலாப நிதி அதே கணக்குக்கு வந்தது. கடைக்கடன் சில ஆயிரங்கள்தான், ஆனால் எடுபட்டது அதைப்போலப் பல மடங்கு. கடையில் கேட்டால் "பழைய பாக்கி, வட்டி" என்றார்கள். வங்கியில் கேட்டால் ஒரே பதில்: "சரியான அட்டை, சரியான இலக்கம். நீங்கள்தானே கொடுத்தீர்கள்?" இருபத்தைந்து முப்பது வருடம் மலையேறிச் சேர்த்த காசு. திருட்டு என்று பொலிசில் எழுதவும் முடியவில்லை, கடன் என்று நிரூபிக்கக் கடையில் ஒழுங்கான கணக்கும் இல்லை.

இரகசிய இலக்கத்தின் பொருள் இதுதான். அது கையொப்பத்துக்குச் சமம். அதை ஒருவருக்குச் சொன்ன நிமிடத்திலிருந்து, அந்தக் கணக்கில் அவர் என்ன செய்தாலும் நீங்கள் செய்ததாகவே வங்கி எடுத்துக்கொள்ளும். அட்டை தொலைந்து எவனோ எடுத்தால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீங்களே இலக்கத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வழக்கு பாதி அங்கேயே செத்துவிடுகிறது. அட்டை காணாமற்போனால் உடனே அழைக்க வேண்டிய வங்கி இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில்தான் அச்சிட்டிருக்கிறது. அட்டை லாச்சிக்குள் கிடக்கும்போது அந்த இலக்கம் யாருக்குப் பயன்படும்?

அட்டையோடு போகும் இன்னொரு பொருள் அடையாள அட்டை. அதைக் கையில் எடுக்கும்போது நமக்கு ஒரு நடுக்கம் இருக்க வேண்டும். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இரண்டு நாடுகள் நம்மைத் தலையெண்ணிப் பங்குபோட்டன. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு முடிந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, பெயரில் எழுத்துப் பிழை, அப்பா பெயர் பொருந்தவில்லை என்று கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நாட்களின் சம்பளத்தைக் கூட்டினால் ஒரு மாடு வாங்கலாம். அப்படிப் பெற்ற அட்டையின் பிரதியை இன்று யார் கேட்டாலும் கொடுக்கிறோம். சிம் விற்க வருபவர், தவணைக்குப் பாத்திரம் விற்பவர், நுண்நிதிக் கடன்காரர், வெளிநாட்டு வேலை முகவர் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி. பாடசாலைக்குப் பக்கத்துப் போட்டோ கொப்பிக் கடையில் மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கு. அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஜனவரி 15 இல் பிறந்த பெண்ணுக்கு 515. ஆக, உங்கள் இலக்கத்தைத் தெரிந்தவருக்கு உங்கள் பிறந்த திகதியும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். நம்மில் பெரும்பாலானோர் ஏ.டி.எம். இரகசிய இலக்கமாக எதை வைக்கிறோம்? பிறந்த வருடத்தை. அட்டை, அடையாள அட்டை, இலக்கம் எழுதிய கடதாசித் துண்டு மூன்றும் ஒரே சொப்பிங் பேக்கில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். திருடனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

பிரதியைக் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே, பிரதியின் வெறும் ஓரத்தில் அல்ல, படத்தின் மேலேயே குறுக்காக எழுதுங்கள்: எந்த நிறுவனம், என்ன காரியம், என்ன திகதி, "இதற்கு மட்டும்". எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், நம்மிடம் வாருங்கள். வாங்குபவர் முகம் சுளித்தால், எதற்காகச் சுளிக்கிறார் என்று கேளுங்கள்.

உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா, நீங்கள் அறியாமல் பிணைக்குப் பெயர் போயிருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. 'கிரிப்' என்று எல்லோரும் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்திடம் எந்த மனிதரும் தன் சொந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிந்திருக்கிறது என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேளுங்கள். உங்களுடையதல்லாத சிம் ஒன்று இருந்தால் அதை வெட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நாளைக்கு அந்த இலக்கத்திலிருந்து எவனாவது யாரையாவது ஏமாற்றினால் பொலிஸ் உங்கள் லயத்துக்குத்தான் வரும்.

இப்போது தொலைபேசி வழியாக வருவதைப் பார்ப்போம். 2020, 2021 இல் பாடசாலை மூடியிருந்தபோது பிள்ளைகளின் படிப்புக்காக நாம் கடன்பட்டு வாங்கிய போன்கள்தான் லயத்துக்கு வந்த முதல் ஸ்மார்ட் போன்கள். அதே போனில் இன்று அழைப்பு வருகிறது. நல்ல தமிழில், "அம்மா" என்று மரியாதையாகப் பேசுகிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது, அஸ்வெசும பணம் நிற்கிறது, உங்கள் அட்டை முடக்கப்படப் போகிறது, மகன் பெயருக்குப் பார்சல் வந்திருக்கிறது. கடைசியில் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வரும்: "இப்போது ஒரு மெசேஜ் வரும், அதிலுள்ள இலக்கத்தை வாசியுங்கள்." அந்த மெசேஜ் ஆங்கிலத்தில் வருகிறது. அம்மா அதை வாசிக்கத் தரம் 8 இல் படிக்கும் மகளைக் கூப்பிடுகிறார். "இதை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு இலக்கத்தை வாசிக்கத் தெரிகிறது, மீதி வரி தெரியவில்லை. நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் ஆங்கிலத்தின் லட்சணம் அது, வேறென்ன சொல்ல! அந்த இலக்கம்தான் ஓ.டி.பி. வங்கியில் வேலை செய்யும் எவருக்கும் அது தேவையில்லை. கேட்டவர் யாராக இருந்தாலும் திருடர், போனை வைத்துவிடுங்கள். ஆசிரியர்கள் அடுத்த வாரமே காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் வங்கி மெசேஜை வாசிப்பது அவர்கள்தான்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. காசு வைக்கும்போது தமிழில் சிரிக்கும் வங்கி, எச்சரிக்கை அனுப்பும்போது மட்டும் ஏன் ஆங்கிலத்தில் அனுப்புகிறது? சம்பளக் கணக்குகளைத் தோட்டம் தோட்டமாக வந்து ஒரே நாளில் திறந்தபோது விரல் அடையாளம் வாங்க மட்டும் தெரிந்ததா?

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நமது இளைஞர்களுக்கும் ஒன்று. "உன் கணக்கையும் அட்டையையும் கொஞ்ச நாள் தா, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கேட்டு வருகிறார்கள். ஏமாற்றிச் சுருட்டிய காசை அந்தக் கணக்கு வழியாக ஓடவிடுவார்கள். முதலில் பிடிபடுவது கணக்குக்குச் சொந்தக்காரன். அவன் பெயர் மட்டும்தானே அங்கே இருக்கிறது.

மோசடிக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006 இல் அட்டை மோசடிக்கு ஒரு சட்டம், 2007 இல் கணினிக் குற்றங்களுக்கு ஒரு சட்டம், 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம். ஆனால் லயத்துக்கு முகவரியே கிடையாது. வங்கிக் கடிதமானாலும், புது அட்டை வரும் உறையானாலும், எல்லாம் தோட்டத்துப் பெயருக்கு வந்து அலுவலக மேசையில் கிடந்து, தப்பால்காரர் கை மாறி, சிலவேளை பிரிந்த உறையாக நமக்கு வருகிறது. வீட்டுக்கு இலக்கமும் சொந்த முகவரியும் வேண்டும் என்று நாம் கேட்பது அலங்காரத்துக்கு அல்ல. உறை பிரிந்திருந்தால் அந்த அட்டையை வாங்காதீர்கள். வங்கிக்குப் போய் வேறு அட்டை கேளுங்கள்.

காசு போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. முதலில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அந்த இலக்கத்தை இன்றே நாட்காட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வரக் கூடாது. வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம், பிரதி சங்கத்துக்கு. வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935. இணையம், போன் வழி ஏமாற்றுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101.

இனி நமது கமிட்டிகளின் வேலை. சில தோட்டங்களில் கடைக்காரரும் நமது தலைவரும் ஒரே வீட்டுக்காரர் என்பது நமக்குத் தெரியும். கடன் குழுவுக்கு அடையாள அட்டைப் பிரதி சேர்த்துக் கொடுப்பவர்களும் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் கமிட்டியில் இருப்பதா, லாச்சிக்குக் காவலிருப்பதா என்று இந்த மாதக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். அடுத்த சம்பளத்துக்கு முன் யார் யாருடைய அட்டை எங்கே இருக்கிறது என்று மாதர் தலைவிகள் பட்டியல் எடுக்கட்டும். பெண்கள் தலைவரிடம் சொல்லத் தயங்குவார்கள், மாதர் தலைவியிடம் சொல்வார்கள். பட்டியலோடு பத்துப் பேராகக் கடைக்குப் போங்கள். தனியாகப் போனால் "அப்போ இன்றைக்கே கடனைக் கட்டு" என்பார்.

கடனைக் கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. பசித்த நேரத்தில் அரிசி கொடுத்தவரோடு நமக்குப் பகை இல்லை. கொப்பியை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வரி வரியாகக் கூட்டிப் பாருங்கள். வட்டி எங்கே ஏறியது என்று கேளுங்கள். மிச்சத்தைத் தவணையாக எழுதி இரண்டு பக்கமும் கையொப்பமிட்டு, தலைவரும் மாதர் தலைவியும் சாட்சிக்குக் கையொப்பமிடட்டும். அட்டை அன்றைக்கே வீட்டுக்கு வர வேண்டும். வரும் வழியிலேயே ஏ.டி.எம்.முக்குப் போய், தமிழைத் தெரிவுசெய்து, இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். பிறந்த வருடத்தை வைக்காதீர்கள்.