ஆன்லைன் பாடமும் வேலை நேரம்தான்

கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடையும் பட்டறை ஒன்றில் ஃபோர்மேனாக இருக்கிறேன். தொழிற்பாடத்தை ஆன்லைனில் படித்து, வேலையைப் பட்டறையில் பழகும் முறையை வரவேற்பவன். எதைத் திரையில் கற்பது, எதைக் கையால் பழகுவது என்பதில் மட்டும் தெளிவு வேண்டும்.

சிஎன்சி புரோகிராம் திரைக்கு உரியது. ஜி00 போட்டால் டூல் வேகமாகப் பாயும். ஜி01 போட்டால் கொடுத்த ஃபீடில் வெட்டிக்கொண்டு போகும். மாற்றிப் போட்டால் சிமுலேட்டரில் எதுவும் உடையாது. மெஷினில் டூல் முறியும், ஸ்பிண்டிலும் அடிவாங்கும். ஆனால் ஃபோர்-ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து ஜாபை சென்டர் பண்ணுவதை எந்த வீடியோவும் பழக்கித் தராது. இரும்புச் சுருள் நீலமாக வந்தால் சூடு ஏறுகிறது என்பதும், டூல் அதிரும் சத்தமும் மெஷின் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த பையனிடம், "வீடியோவை வீட்டுக்குப் போய்ப் பாரு தம்பி" என்றால் அவன் தூங்கத்தான் செய்வான். தொழிலோடு சேர்ந்த பாட வகுப்பு நேரத்தை ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம். வகுப்பு செல்போனுக்கு மாறியதால் அந்த உரிமை போய்விடக் கூடாது.

ஜெர்மனியில் அப்ரன்டிஸ்கள் பயிற்சிக் குறிப்பேடு எழுதுகிறார்கள்; பயிற்சியாளர் அதைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். இங்கும் ஷிப்டுக்குள் ஒரு மணி நேரம் பாடத்துக்கு ஒதுக்கட்டும். படித்ததை மெஷினில் செய்துகாட்டிய பிறகே எங்களைப் போன்றவர்கள் கையெழுத்துப் போடுவோம்.