பின்பக்கம் பாராமல் லென்ஸ் வாங்காதீர்!

பலசரக்குக் கடைக்காரருக்கும் கேமரா லென்ஸுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பிலிம் காலத்து ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றின் சாமான்கள் ஆக்கர் கடைக்கு எடைக்குப் போகின்றன. சில வேளை பழைய பற்றுக்கு ஈடாக நம் கடைக்கும் வந்து சேருகின்றன. மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்கள் வந்தபின், அடாப்டர் எனும் இடைவளையம் போட்டு இந்த லென்ஸ்களைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இவற்றுக்கு நல்ல விலை உண்டு. வீண் வழக்கும் உண்டு.

வழக்கு எங்கே வருகிறதென்றால், முன்வளையத்தில் உள்ள பெயரை மட்டும் படித்துவிட்டு "இது கேனான் லென்ஸ், கேனான் கேமராவுக்குச் சேரும்" என்று சொல்லி விற்பதில்தான். கேனான் நிறுவனம் 1971-ல் எஃப்.டி. மவுண்ட் கொண்டுவந்தது, 1987-ல் இ.ஓ.எஸ். கேமராக்களுக்காக அதை அடியோடு மாற்றிவிட்டது. மவுண்டிலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் முன்னதற்கு 42 மில்லிமீட்டர், பின்னதற்கு 44. எஃப்.டி. லென்ஸ் பிலிமுக்கு இன்னும் நெருங்கி உட்கார வேண்டும், இடைவளையத்துக்கு இடமேது? சாதாரண வளையம் போட்டால் தூரத்துக் காட்சி தெளியாது. அதே லென்ஸ், 18 மில்லிமீட்டர் தூரமே உள்ள சோனி மிரர்லெஸ் கேமராவில் வளையத்துடன் நன்றாக வேலை செய்யும். சரக்கு ஒன்றுதான், ஆள் மாறினால் மதிப்பு மாறுகிறது.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிபோல மரை இருந்தால் திருகு வகை. குறுக்களவு 42 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் எம்.42, பிராக்டிகா, ஸெனித், பழைய பென்டாக்ஸ் எல்லாம் இதுவே. மரையில்லாமல், பின் பல்பைத் திருப்பி மாட்டுவதுபோல் மூன்று நாக்குகள் இருந்தால் பயோனெட் வகை. பென்டாக்ஸ் 1975-ல் இதற்கு மாறியது. ஆக, பென்டாக்ஸ் என்ற பெயரும் தனியே போதாது. நிக்கான் 1959 முதல் எஃப் மவுண்டை விடவில்லை. பழைய லென்ஸில் முயல் காதுபோல ஓர் உலோகக் கொக்கி நிற்கும். ஆனால் 1977-க்கு முந்திய நிக்கான் லென்ஸைப் பிந்திய சில கேமராக்களில் அழுத்தி மாட்டினால் கேமராவின் சிறு நெம்பு ஒடியும். சேராததை பலவந்தமாய்த் திருகிப் பார்ப்பது நம்மவர்களின் பெரிய வியாதி!

டாம்ரான், விவிடார் பெயருள்ளவை பல மவுண்டுகளில் வந்தவை. டாம்ரான் அடாப்டால் வகையில் பின்பகுதியையே கழற்றி மாற்றலாம்; அந்தத் துண்டு தொலைந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

உறுப்பினர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. ரசீதில் "பழைய லென்ஸ் 1" என்று எழுதாமல் மவுண்டின் பெயரையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் "மவுண்ட் தெரியாது" என்றே எழுதி, அதற்கேற்ற விலை சொல்லுங்கள். சேராத லென்ஸைச் சேரும் என்று சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் முறையற்ற வணிகம். ரசீதைப் பார்த்து வாங்கியவர் திருப்பிக் கொண்டுவரும்போது அவர் முகத்தில் நாம் விழிக்க வேண்டாமா?

இன்னொன்று: நமது கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.