லோரி கதவும் பின்பால் பெட்டியும்

டிசம்பரில் ஒரு மாலை. கார் போர்ச்சிலிருந்து ஓடி வந்த என் நான்கு வயது மகள், "அம்மா, கலர்!" என்று உள்ளங்கையை நீட்டினாள். வெள்ளையும் சிவப்புமாகச் சின்னச் சின்னச் செதில்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் வயிற்றைக் கலக்கியது.

கலர் வந்த இடம் என் பின்பால் இயந்திரம். குளுவாங்கில் மூடிக் கிடந்த ஒரு ஸ்னூக்கர் கடையின் மாடியில் இருந்ததை, நண்பர் ஒருவர் மூலம் வாங்கினேன். (விலையை இங்கே எழுத மாட்டேன். என் கணவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.) அமெரிக்காவின் கோட்லீப் நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. சாய்வான கண்ணாடி மேசை, 27 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, அதைக் கீழே விழாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். திரையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. புள்ளி ஏறும்போதெல்லாம் ஒரு சின்னச் சுத்தி உள்ளே இருக்கும் உலோகப் பட்டையைத் தட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு சுருதி. நாள் முழுக்க ஹெட்போனில் பதிவு செய்த ஒலியையே கேட்கும் எனக்கு, அந்த 'டிங்' ஒன்றே போதுமாக இருந்தது.

இந்த விளையாட்டுக்கு நம் பக்கத்தில் நல்ல பெயர் இருந்ததில்லை. 1959 ஜூனில் சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும், 'மஞ்சள் கலாசார' ஒழிப்பில் முதலில் போனவற்றில் ஜூக்பாக்ஸும் பின்பால் மேசையும் உண்டு. நியூயார்க்கில் 1942-லேயே தடை. மேயர் லா குவார்டியா சம்மட்டியோடு நின்று உடைத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தடை 1976-இல்தான் விலகியது. ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் மாநகராட்சிக் குழு முன்னால் ஆடி, குண்டு எந்த வழியில் போகும் என்று சொல்லிவிட்டு அப்படியே அடித்துக் காட்டினார். இது சூதாட்டமல்ல, கைப்பழக்கம் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, நம் போர்ச்சுக்கு வருகிறேன்.

பெட்டியின் இரு பக்கமும் பிளைவுட். வெள்ளை அடிப்பூச்சின் மேல் சிவப்பிலும் நீலத்திலும் கோணல்மாணலான வடிவங்கள். ஐம்பது வருடப் புழுக்கத்தில் பெயிண்ட் பொரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை உற்சாகத்தில் மின்சார சேண்டரை எடுத்து, வலப்பக்கத்தை முழுசாகத் தேய்த்துவிட்டேன். தூசி செருப்பு அலமாரியிலும் கொடியில் காய்ந்த துணியிலும் படிந்தது. துடைப்பத்தால் கூட்டித் தள்ளினேன். அவ்வளவு அக்கறை!

மகளின் கையைப் பார்த்த அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடுத்ததே 1978-இல்தான். என் பெட்டி அதற்கு மூத்தது. ஆன்லைனில் சோதனைக் குச்சி வாங்கினேன். சிவப்பில் தேய்த்தால் பெயிண்டின் சாயமே ஒட்டி ஏமாற்றிவிடும் என்பதால் வெள்ளையில் தேய்த்தேன். நுனி மெதுவாக ரோஜா நிறமானது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிளினிக்கில் மகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் காலையில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, "இனிய காலை வணக்கம்" என்று எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அளவு மிகக் குறைவு, கவலை வேண்டாம், ஆனால் தூசியை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். தினமும் விடியற்காலை ஐந்துக்கு மோட்டாரில் காஸ்வே தாண்டி வேலைக்குப் போகிற என் கணவர், அன்று மட்டும் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். தடுத்தவர் மூன்று வீடு தள்ளி இருக்கும் பெயிண்டர் அங்கிள். மாசாயில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் லோரிகளுக்குப் பெயர் எழுதியவர். நம் ஊர் லோரிக் கதவுகளில் கம்பெனி பெயருக்குக் கீழே இரண்டு எடைகள் இருக்குமே, சுமையோடு எத்தனை கிலோ, சுமையில்லாமல் எத்தனை கிலோ என்று. மலாய்ச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.'தான். நல்லவேளை, ஜேபிஜே அதிகாரிகள் தமிழில் படிப்பதில்லை. அந்த எழுத்துகளைத் தகர அச்சு வைத்துத்தான் அடிப்பார்கள்.

அங்கிள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்: "தேய்க்கிறதுக்கு முன்னாடி படி எடுத்தியாம்மா?"

நான் பேசவில்லை.

"போட்டோவாவது?"

அதுவும் இல்லை. வலப்பக்கப் படம் போயே போய்விட்டது. ஆனால் அவர் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். சிக்காகோவிலும் அச்சு வைத்துத்தான் அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம், திருப்பிப் போட்டது. பாசார் மாலாமில் மேசைக்கு விரிக்கிற கண்ணாடி பிளாஸ்டிக்கை இடப்பக்கத்தில் ஒட்டி, மார்க்கர் பேனாவால் ஓரங்களை வரையச் சொன்னார். அதையே புரட்டிப் போட்டால் வலப்பக்கம் தயார். நான் அவசரத்தில் தொலைத்தது ஒரு பிளாஸ்டிக் தாளின் மறுபுறத்தில் இருந்தது.

தேய்ப்பதும் புது முறைக்கு வந்தது. மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, நுண்தூசிக்கான முகமூடி, கையுறை. தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால்தான் தேய்க்க வேண்டும். சேண்டரைத் தொடவே கூடாது. சேற்றை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டிவிட வேண்டும். சாதாரண வேக்கும் தூசியை உறிஞ்சிப் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும், அதுவும் வேண்டாம். வேலைத் துணியைத் தனியாகத் துவைத்தேன். எல்லாப் பெயிண்டையும் எடுக்கவில்லை. பொரிந்ததை மட்டும் எடுத்து, மீதியைப் பிரைமருக்குள் அடைத்துவிட்டோம்.

ஒரு வருத்தம் உண்டு. துடுப்பு பொத்தான்களைச் சுற்றி, ஆடியவர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. பழைய பெட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கவே கூடாது, தேய்மானம்தான் அதன் சரித்திரம் என்று சேகரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தேய்மானத்தின் ஓரம்தான் என் மகளின் கைக்கு எட்டுகிற உயரம். போட்டோ எடுத்துவிட்டு மூடினேன்.

வடகிழக்குப் பருவமழை எங்களை மூன்று வாரம் காக்க வைத்தது. ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் பெயிண்டிலுள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பால் கொட்டியதுபோல வெண்மை படரும். என் முதல் நீலம் அப்படித்தான் கெட்டது. அதன் பிறகு மழையில்லாத நாளில், காலை பத்திலிருந்து நண்பகல் வரை மட்டும் வேலை. மெல்லிய பூச்சு, காயவிடல், மறுபடி மெல்லிய பூச்சு. வெள்ளை முதலில், பிறகு சிவப்பு, கடைசியில் நீலம். தடித்த அட்டையில் அச்சு வெட்டி வார்னிஷ் பூசி, நட்டு போல்ட்டுகளை மேலே பாரம் வைத்தோம். இரண்டாம் நிறம் நகராமலிருக்க ஒவ்வோர் அச்சிலும் ஒரே இடத்தில் இரண்டு ஊசித்துளை.

வலப்பக்கத்தை நான் மட்டும் அடித்தேன். கத்தி வெட்டியதுபோல ஓரம் வர வேண்டும் என்று மாஸ்கிங் டேப்பெல்லாம் ஒட்டினேன். அங்கிள் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர் மாதிரி இருக்கு" என்றார். இடப்பக்கப் பழைய படத்தின் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். ஓரமெல்லாம் லேசாகப் புகைந்திருந்தது. அச்சு மரத்தில் முழுசாக ஒட்டாமல் நூலிழை தள்ளி நின்றிருக்கிறது. தொழிலாளி ஒரு பெட்டியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். இடப்பக்கத்தை அங்கிள் அப்படியே அடித்தார், பத்து நிமிடத்தில். வலப்பக்கத்தை நான் மாற்றவில்லை. சுவரோரம் நிறுத்தினால் தெரியாது.

உட்புறத்தைத் தொடவில்லை. சுத்தம் செய்தபோது அடிப்பலகையின் மூலையில் மூன்று காசுகள் கிடைத்தன. இரண்டு, நாடாளுமன்றக் கட்டடம் போட்ட நம் பழைய 20 காசு. மூன்றாவது, வாள்மீன் போட்ட சிங்கப்பூர் 20 காசு. 1973 மே வரை இரண்டு நாட்டுப் பணமும் சம மதிப்பில் மாறியது. ஜொகூரில் யார் பையிலும் இரண்டும் கிடந்திருக்கும். ஆனாலும் காஸ்வே தாண்டி வந்து ஆடிய ஒரு பையனைத்தான் எனக்குக் கற்பனை செய்யத் தோன்றுகிறது. காசுகளைத் துடைத்து அதே மூலையில் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு பெட்டியைக் கவிழ்த்துக் கால்களைப் பூட்டுவதற்கு முன், அங்கிள் வீட்டுக்குப் போய்ப் பழைய தகர அச்சுகளை எடுத்து வந்தார். எல்லாம் பூட்டினால் எத்தனை கிலோ வரும் என்று கேட்டார். நூற்றுப் பத்து இருக்கும் என்றேன். யார் கண்ணுக்கும் படாத அடிப்பலகையில், லோரிக்கு அடிக்கிற அதே கறுப்பில், 'சுமையில்லாமல் 110 கிலோ' என்று மலாய்ச் சுருக்கத்தில் அடித்தார்.

"சுமையோட?" என்று கேட்டார் என் கணவர்.

அங்கிள் என் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே 126 என்று அடித்தார்.