விலைவாசிப் பட்டியலும் தொழிலாளி வயிறும்

ஆசிய நாடுகளின் விலையேற்றத்தை ஒரே பட்டியலில் நிறுத்தி, "பாரீர், மலேசியாவின் நிலை எத்துணை மேல்!" என்று மார்தட்டுவோர் நம்மிடையே மலிந்துவிட்டனர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து வீசுவர்: மலேசியாவில் நூற்றுக்கு 3.3, சிங்கப்பூரில் 6.1, இந்தியாவில் 6.7, லாவோசில் ஏறக்குறைய 23. கணக்கு மெய்யே. அதைக் காட்டிக் கூலி உயர்வு கேட்பவன் வாயை அடைக்க முற்படுவதே புரட்டு.

அப்பட்டியல் விலை ஏறும் வேகத்தைச் சொல்லுமேயன்றி, ஏறி நிற்கும் உயரத்தைச் சொல்லாது. இலங்கையை நோக்குவோம். கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2022 செப்டம்பரில் ஆண்டு ஏற்றம் நூற்றுக்கு 69.8. மறு செப்டம்பரில் அது 1.3 ஆயிற்று. 1.3 என்பதை மட்டும் கண்டவன், அங்கே பொற்காலம் பிறந்துவிட்டது என்பான். விலை இறங்கவில்லை, ஐயா! மலையுச்சிக்கு ஏறிய விலை அங்கிருந்து மேலும் ஓரடி வைத்தது, அவ்வளவே. அம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 2021-இல் 1,000 ரூபாயாக்கப்பட்ட நாட்கூலியோ, 2024-இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாகும்வரை அசையவேயில்லை. நம்மவர் உலைப்பானை பட்ட பாட்டை எந்தப் பட்டியல் கூறிற்று?

இனி, குறியீடு என்பதுதான் யாது? சராசரிக் குடும்பம் ஒன்றைக் கற்பித்து, அது வாங்கும் பண்டங்களை ஒரு கூடையிலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரித்து விலை பார்ப்பது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட இந்தியக் கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 பங்கு, மலேசியாவில் 30-க்குச் சற்றுக் குறைவு, 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட சிங்கப்பூர்க் கூடையில் சுமார் 21. வகை பிரிக்கும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. சம்பளத்தில் பெரும்பகுதி அரிசிக்கும் மீனுக்கும் எண்ணெய்க்குமே போய்விடும் தோட்டக் குடும்பத்தின் கூடை இவற்றுள் எது? அதே 2022-இல் மலேசியாவின் உணவு, மதுவல்லாத பான வகையில் மட்டும் ஏற்றம் நூற்றுக்கு 5.8. 3.3-ஐ உரக்கக் கூவுவோர் இந்த 5.8-ஐ ஏன் விழுங்குகின்றனர்? அந்த 3.3-உம் வியாபாரிகளின் கருணையால் வந்ததன்று. பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசுக்கும், பொட்டலச் சமையல் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசுக்கும் விற்றது, அரசாங்கம் பொதுப்பணத்தால் முட்டுக்கொடுத்ததனால்.

ஆண்டுக்காண்டு பார்த்தால் எல்லாம் சிறு எண்களே: 2021 முதல் 2024 வரை மலேசியாவில் 2.5, 3.3, 2.5, 1.8. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்தால், 2020-இல் நூறு வெள்ளிக்கு வாங்கிய சாமானுக்கு 2024-இல் நூற்றுப்பத்து வெள்ளிக்கு மேல் வேண்டும். 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக உயர்ந்ததை நாம் மறைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் 1,700 ஆகும்வரை அது நின்ற இடத்திலேயே நின்றது, விலை நின்றதா?

தோழர்களே, இனி ஆசியப் பட்டியலை எவரேனும் நீட்டினால், நூற்றுக்கு எத்தனை என்பது கிடக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒரு நாட்கூலிக்கு இலங்கையில் எத்தனை கிலோ அரிசி, இந்தியாவில் எத்தனை, மலேசியாவில் எத்தனை? அந்தப் பட்டியலை முதலில் அவர்கள் போட்டு வரட்டும்.