பிள்ளை செய்யும் மரவண்டி



பாடசாலை விடுமுறை விட்டதும் உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் கேட்கும் முதற் பொருள் கார்தான். ஏன், பெண்பிள்ளைகளுந்தான். ஓமந்தையில் சொல்லவே வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி ஊரை ஊடறுத்துச் செல்கிறது. நாள் முழுதும் வாகனங்களைப் பார்த்து வளரும் பிள்ளை வேறெதைக் கேட்கும்? நீங்களும் வவுனியாக் கடைத்தெருவில் பற்றரிக் கார் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறீர்கள். இரண்டாம் நாள் அதன் சில்லு ஒரு மூலையிலும் வயர் ஒரு மூலையிலும் கிடக்கிறது. பிள்ளையை ஏசாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அது உடைத்தது. அந்த ஆவலுக்கு ஒரு துண்டுப் பலகையும் நான்கு சில்லுகளும் கொடுத்துப் பாருங்கள்.

இது வன்னிக்குப் புதிதல்ல. நுங்கு குடித்த கோம்பைகளைத் தடியில் கோத்து ஓட்டாத பிள்ளை இங்கே உண்டா? 1990களில் வடக்குக்குப் பற்றரி கொண்டு போகத் தடை இருந்தது. அந்நாட்களில் மீன் ரின்னும் தேய்ந்த செருப்பும் சேர்ந்து லொறியாக ஓடின.

இத்தகைய மரக் காரை ஒழுங்கான போட்டியாக்கியவர் ஓர் அமெரிக்கத் தந்தை. டொன் மர்பி என்பது பெயர். பிள்ளைகள் தாமே ஏறி ஓட்டும் வண்டிப் பந்தயம் ஒன்று அங்கே பிரபலம். அதில் சேர அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. மகன் முகம் வாடியதைக் கண்டவர் கையளவுக் கார் ஒன்றை யோசித்தார். 1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், சாரணர் சிறுவர்களுக்காக முதற் போட்டியை நடத்தினார். ஏழு அங்குல பைன் மரக்கட்டை, அச்சுக்கு ஆணிகள், நான்கு சில்லுகள், அவ்வளவே. இன்றைய விதிப்படி எடை ஐந்து அவுன்சைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 142 கிராம்.

எஞ்சின் இல்லை, பற்றரி இல்லை. சரிவான பலகையில் வைத்து விட்டுவிட வேண்டும். பூமியின் இழுப்புத்தான் ஓட்டம். எல்லாருக்கும் ஒரே சரிவு என்றால் ஒருவர் எப்படி முந்துகிறார்? ஆணியின் பிசிறுகளை அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்குகிறார்கள். சில்லின் துளையில் கிராபைட் தூள் போடுகிறார்கள் (நம் வீட்டில் பென்சில் முனையைச் சுரண்டினாலும் ஓரளவு கிடைக்கும்). பாரத்தைக் காரின் பின்பக்கம் வைக்கிறார்கள். சரிவின் மேலே நிற்கும்போது பின்பக்கந்தானே உயரத்தில் இருக்கிறது? உயரத்திலிருந்து இறங்கும் பாரம் கூடுதல் வேகம் தரும். புத்தகத்தில் பல தடவை படித்தும் விளங்காத பாடம் இதில் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும்.

ஆனால் அங்கே நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். வெல்ல வேண்டும் என்ற வெறியில் வாப்பாமாரே காரை முழுதாகச் செய்துவிடுகிறார்களாம்; பிள்ளை பக்கத்தில் கைகட்டி நிற்கிறதாம். இந்த முறைப்பாடு அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பளபளக்கும் கார் முதலில் வரும், அதைப் பிள்ளை தொட்டுக்கூட இராது.

கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கை செய்யட்டும். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களில் ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணியால் இரண்டு சிறகுகள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. சிறகைப் பிய்த்து எறியச் சொல்லவில்லை.

யாரோடு சேர்ந்து செய்வது? வாப்பா வெளிநாட்டில் என்பீர்கள். வீட்டில் மூத்தவாப்பா இருக்கிறாரே! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது உளியும் வாளும் கொட்டாப்புளியும் ஊரிலேயே நின்றுவிட்டன. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறைக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது? ஓடாவியாக இருந்தவர் கூலிக்குப் போனார். அவருடைய கையில் அந்த வேலை இன்னும் இருக்கிறது. எழுபது, எண்பது வயதுக் கை அது. கேட்பதற்குப் பேரப்பிள்ளை வேண்டும், கேட்கச் சொல்வதற்கு நீங்கள் வேண்டும். அறுக்கும் வாளை அவர் பிடிக்கட்டும். அளப்பதும் தேய்ப்பதும் பூசுவதும் பிள்ளைக்கு. மூத்தவாப்பா இல்லாத வீட்டில் உம்மாவே வாளைப் பிடிக்கலாம், அதில் வெட்கம் என்ன?

முதிரையும் பாலையும் இதற்கு வேண்டாம், பிள்ளையின் கை வலிக்கும். பழப்பெட்டிப் பலகை அல்லது முள்முருக்கு போதும். போத்தல் மூடிகள் சில்லு, சைக்கிள் கம்பி அச்சு. துளை சரியாக நடுவில் விழாவிட்டால் வண்டி நொண்டும்.

பாரத்துக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. வளவிலோ காட்டோரத்திலோ கிடக்கும் இரும்பை எடுக்க விடாதீர்கள். நெடுநாள் போர் எல்லையாக இருந்த மண் இது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 வரை தவணை. அடையாளம் தெரியாத எதையும் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று வண்டி செய்யத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பாரத்துக்கு உங்கள் கைப்பையிலுள்ள ரூபாய்க் குற்றிகளை ஒட்டுங்கள். பந்தயம் முடிந்ததும் கழற்றிக் கடைக்குக் கொடுக்கலாம்.

பந்தயம் என்றதும் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டி, வென்றவன் அள்ளிக்கொள்வது என்று பேசிக்கொள்வார்கள். அது சூது, ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். பரிசு வேண்டுமென்றால் உங்கள் கையால் ஒரு சட்டி வட்டிலப்பம் செய்து வையுங்கள். முதலில் வந்த வண்டிக்காரன் முதல் துண்டை எடுக்கட்டும். சில்லுக் கழன்று நடுவழியில் நின்றவனுக்கும் ஒரு துண்டு இருக்க வேண்டும்.